டாக்டரிடம் அம்மா சொன்ன நல்ல வார்த்தைகள்

பெண் பார்க்க வந்த அன்று நான் ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் அத்தை பூரித்துப்போனார். "இந்தக் காலத்துல இவ்ளோ அடக்கமா ஒரு பொண்ணா" என்று சொல்லி, அன்றே எங்கள் வீட்டில் கை நனைத்துவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது ஜமுக்காளத்தின் கோடுகளை. நீலம் பதினொன்று, சிவப்பு ஒன்பது. ஒரு சிவப்பு எங்கே போனது என்ற கவலையில் மாப்பிள்ளையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

அது 2005. தாலி ஏறியதும் அதே குணத்துக்குப் பெயர் மாறியது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுவது, முகம் பார்த்துப் பேசாதது எல்லாம் சேர்ந்து புகுந்த வீட்டில் திமிர் ஆனது. கணவர் நல்லவர். "எங்கூட பேசறப்பயாவது என்னப் பாரேன்" என்று கெஞ்சுவார். பார்த்தால் அவர் சொல்வது காதில் ஏறாது. பார்க்கட்டுமா, கேட்கட்டுமா என்று ஒருநாள் நிஜமாகவே கேட்டேன். கோபத்தில் அவர் இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

2010இல், கடலூரில் நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீசில், ஒரு குழந்தையின் மருத்துவ அறிக்கையைத் தட்டச்சு செய்ய நேர்ந்தது. ஆட்டிசம் என்று போட்டு, முகம் பார்ப்பதில்லை, தனியே ஒதுங்கும், திடீர்ச் சத்தம் தாங்காது என்று அடுக்கியிருந்தது. இரண்டாம் பக்கத்தில் விரல்கள் நின்றுவிட்டன. என்னை யாரோ ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நான் திமிர் பிடித்தவள் இல்லை என்று படித்த ஒருவர் வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சிதம்பரத்து மனநல டாக்டர், "இது குழந்தைங்களுக்கு வர்றதும்மா" என்றார். குழந்தைகள் வளர்வார்கள் என்பதை நினைவூட்டினேன். சற்று யோசித்துவிட்டு, "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தானான்னு தெரியணும். அம்மாவக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

மறுவாரம் அம்மா பட்டுப்புடவையில் கிளம்பினாள். தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

"சின்ன வயசுல எப்படி இருந்தாங்க?"

"குறையே சொல்ல முடியாது சார். நல்லா பூ கட்டுவா. மீன் குழம்பு வச்சா தெருவே மணக்கும். அதிர்ந்து பேச மாட்டா."

"கூட விளையாடப் பிள்ளைங்க இருந்தாங்களா?"

"தெருவே எங்க வூட்டுலதான் சார் கெடக்கும்."

கிடந்தது உண்மை. டிவி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அப்போது நான் கட்டிலுக்கு அடியில் இருப்பேன்.

"பிடிவாதம்?"

"சேச்சே."

ஜாதகம் ஒன்றுதான் கொண்டுவரவில்லை. டாக்டர் பேனாவை மூடினார். "உங்களுக்கு ஒண்ணுமில்ல. நாலு பேரோட கலகலன்னு பழகுங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டிரைவர் ஏறி உட்கார்ந்தார். ஹாரன் அலறுவதற்குள் அம்மாவின் இரண்டு கைகளும் என் காதுகளைப் பொத்திவிட்டன. டிரைவர் ஏறியதிலிருந்து அவள் கண் அவர் கைமேலேயே இருந்திருக்கிறது. எனக்கு வயது முப்பது.

"இத ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல?"

"இதெல்லாம் ஒரு வியாதியாடி? நீ பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்" என்றாள் எரிச்சலாக. "வெளியில சொன்னா உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?"

டாக்டர் ஒரு மணி வரை இருப்பார். காதிலிருந்து எடுத்த அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "இறங்கும்மா" என்றேன்.