கரேன் சட்டைக்காரம்மா

எண்பத்து மூன்றில், பொம்மிடியில் சேலம் பாசஞ்சர் ஏறியபோது எனக்கு இருபத்து நான்கு வயது. கணவர் இறந்து ஓராண்டாகியும் வெள்ளைச் சேலைதான் உடுத்தியிருந்தேன்.

எதிரே ஐம்பது வயது அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிறிய கண்கள். சேலைக்கு மேல், கையால் நெய்த கருநீலச் சட்டை. அதில் வெள்ளை விதைகள் பூப்போலத் தைக்கப்பட்டிருந்தன. பேசும்போதெல்லாம் அந்த விதைகளை விரலால் தடவிக்கொண்டார். தான் கரேன் மலைச்சனம் என்றும், தமிழ்க் கணவரோடு பர்மாவிலிருந்து வந்ததாகவும் சொன்னார்.

“உனக்கு எப்ப கண்ணு கல்யாணம்?” என்று என்னைக் கேட்டார். பெட்டியில் இருந்தவர்கள் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்கள்.

“வூட்டுக்காரர் தவறிட்டாருங்க,” என்றேன்.

“அப்ப ஏன் வெள்ளை? எங்க சனத்துல கல்யாணமாகாத பொண்ணுங்கதான் வெள்ளை போடுவாங்க. கட்டுனப்புறம் கலர்தான். எம் புருசன் போயி ஆறு வருசமாச்சு. நான் வெள்ளைக்குத் திரும்பல.”

அடுத்த ஞாயிறு நீலச் சேலை கட்டிக்கொண்டு மாதா கோயிலுக்குக் கிளம்பினேன். வாசலில் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொசுவத்த நல்லா எடுத்து வுடு,” என்றார். அவ்வளவுதான்.

அன்று பூசையில் எனக்காக நான் எதுவும் கேட்கவில்லை. பெயர் தெரியாத அந்த அம்மாவுக்காக மட்டும் மன்றாடினேன்.