கரை ஏற்றிய கை

தோமான் மீன் செத்த பிறகும் வாலை அடிக்கும். அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ஒரு பெரிய சிவப்புப் பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அதற்குள்ளிருந்து தப் தப்பென்று சத்தம் கேட்கும். அண்ணி குட்டை முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, கைலியை முழங்காலுக்கு இடையே செருகிக்கொண்டு, கல்லுப்பையும் புளியையும் சேர்த்து அந்த மீனின் உடம்பைத் தேய்ப்பார். வழுவழுப்பு போகவே அரை மணி நேரம் பிடிக்கும். பிறகு செதில், பிறகு செவுள், பிறகு வயிறு. துடுப்பு முள் குத்தினால் விரலை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த மீனை எடுப்பார். அந்த நேரத்தில் வீட்டு முன்பக்கம் அண்ணனும் அவர் கூட்டாளிகளும் நாற்காலி போட்டு, மீனைப் பிடித்த கதையை மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். "காரம் கொஞ்சம் தூக்கலா போடு" என்று அண்ணன் குரல் மட்டும் உள்ளே வரும்.

தோமானைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். விரால் குடும்பம்தான், ஆனால் விராலைப் போல் சாதுவானது இல்லை. ஆள் தொடை கனம் வளரும். கறுப்பு வெள்ளைப் பட்டை, வாய் நிறையப் பல். தண்ணீருக்குள் இருந்தாலும் காற்றைக் குடிக்க மேலே வந்துதான் ஆக வேண்டும். வாயைக் காட்டிவிட்டுப் போகும் அந்தக் கணத்தில், அது போகும் திசையைக் கணித்து தூண்டில் முள் செருகிய ரப்பர் தவளையை எறிய வேண்டும். ஒரு நாள் முழுக்க எறிந்தும் ஒன்றும் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். அதனால்தான் ஒன்று மாட்டிவிட்டால் ஆண்களுக்கு அவ்வளவு தலைக்கனம்.

எனக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. லோரியில் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தேன், இப்போது மலாக்காவில், புக்கிட் ரம்பாயில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. அண்ணன் வீட்டிலேயே ஓர் அறையில் இருந்துவிட்டேன். அண்ணி பத்து பெரண்டாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஷிப்டு முடிந்து வந்து சமைப்பார், ஞாயிற்றுக்கிழமை மீன் அறுப்பார். அவரும் அதிகம் பேச மாட்டார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

அண்ணனின் கூட்டத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். பதவி யாரும் கொடுத்தது இல்லை. ஜாசினைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் மணல் தோண்டி விட்டுப்போன குளம் இருக்கிறது. தோட்டத்து நிர்வாகத்திடம் பேசி அதன் வாசல் சாவியை வாங்கி வைத்திருந்தவர் அவர். அதனால் தலைவர். விதிகளும் அவர் போட்டவைதான். பெண்கள் தூண்டிலைத் தொடக்கூடாது, தாண்டவும் கூடாது. தொட்டுவிட்டால் எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டு, சூடம் காட்டி, அப்புறம்தான் அந்தக் கோலைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. கயிறுகள் சிக்கிக்கொண்டு மீன் யாருடையது என்று சண்டை வந்ததில், யார் தூண்டிலில் மாட்டினாலும் சரி, கரை ஏற்றிய கைக்குத்தான் மீன் சொந்தம் என்று அவர் தீர்த்து வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பாடு கொண்டுவந்திருந்தார். நான்தான் வேனில் அழைத்துப் போனேன். ஆண்கள் பனை நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். அண்ணனின் கோல் ஒரு கவட்டைக் குச்சியில் சாய்ந்திருந்தது. அதன் பக்கத்தில், கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு தோமான் காற்றுக் குடிக்க வந்தது. அண்ணி திரும்பிப் பார்த்தார். என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. கோலை எடுத்தார். வருஷக்கணக்காக அந்த ஆண்கள் வீட்டு முன்னால் கையை வீசி வீசிக் கதை சொன்னதைப் பார்த்தவர், அதே மாதிரி வீசினார். தவளை போய் விழுந்தது. ரீலை இரண்டு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பல முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அண்ணி பின்னால் சாய்ந்து, செருப்பை மண்ணில் ஊன்றி, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். மீன் இழுத்தபோது கயிறு விட்டார், நின்றபோது சுற்றினார். ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மீன் களைத்துப் பக்கவாட்டில் மிதந்து கரையை நெருங்கியது. அப்போது தலைவர் சோற்றுக் கையோடு ஓடி வந்தார். "விடு தங்கச்சி, அறுந்துரும்" என்று சொல்லி அண்ணியின் கையிலிருந்து கோலைப் பிடுங்கினார். பிடுங்கினார் என்றுதான் எழுத வேண்டும். அண்ணியின் விரல்கள் உடனே விடவில்லை, அவர் ஒவ்வொன்றாகப் பிரித்தார். மீனைத் தூக்கினார். நெஞ்சுக்கு நேராகப் பிடித்துப் படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் அன்றே எல்லார் கைப்பேசிக்கும் போனது, அவர் பெயரோடு. பிறகு எலுமிச்சம்பழத்தை நறுக்கிச் சூடம் ஏற்றினார்கள், அண்ணி தொட்ட கோலுக்கு. எல்லாம் முடிந்த பிறகு மீனைத் தொட்டியில் போட்டு அண்ணி பக்கம் தள்ளிவிட்டு, தலையைத் தனக்கு எடுத்து வைக்கும்படி தலைவர் சொன்னார். அண்ணன் சிரித்தார்.

அண்ணி அழவில்லை. அந்த மீனை அறுத்தார், சமைத்தார், பரிமாறினார். தான் மட்டும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் தொழிற்சாலைப் பேருந்துக்குக் கிளம்பும்போது என்னிடம் சொன்னார். "தம்பி, எனக்கு ஒரு கோல் பாத்து வாங்கிக் குடு. அந்தாளுக்கு அந்தக் குளத்துல நிக்க எடம் இருக்கக்கூடாது. பொம்பளைங்களா நெரப்பி விடுறேன்."

அவர் முதலில் போய்ப் பேசியது தலைவரின் மனைவியிடம். ஜாசின் பாசாரில், கீரைக்கடை முன்னால். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றேன். அந்த அக்கா கையை விரித்துக் காட்டினார். விரல் முழுக்கப் பழைய முள் குத்திய தழும்புகள். "கல்யாணம் ஆனதுலேந்து இந்த மீனுக்கு வயித்தக் கிழிக்கிறேன். அது தண்ணியில எப்படிப் போவும்னு ஒரு தடவகூட பாத்ததில்ல" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் வந்தபோது எந்த வீட்டிலும் யாரும் கத்தியை எடுக்கவில்லை. பிடித்தவர் அறுக்கட்டும் என்று எல்லா வீட்டுப் பெண்களும் ஒரே மாதிரி சொன்னார்கள். ஆண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு கத்தினார்கள், பிறகு அறுக்க உட்கார்ந்தார்கள். அண்ணன் வழுவழுப்பை எடுக்கச் சலவைத் தூளைப் போட்டார். பித்தப்பையைக் கிழித்துவிட்டார். அவர் வைத்த குழம்பை நானும் வாயில் வைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனைகூட முகர்ந்துவிட்டுப் போனது. இன்னொருவர் மீனை வாளியோடு குளியலறையில் விட்டு வேலைக்குப் போய்விட, நாற்றம் தெரு வரை வந்து சண்டையானது. மீன் பிடிக்கப் போகும் ஆண்களுக்கு மீனைக் கொண்டுவந்து வைக்க ஒரு வீடு இல்லை என்று ஆகிவிட்டது. அண்ணி முன்னறையில் துணி மடித்தபடி தொலைக்காட்சியில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாள்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

பெண்களையும் குளத்துக்கு விட வேண்டும் என்று அண்ணி கேட்டதற்குக் கடைசியில் தலைவர் இறங்கி வந்தார். மாதத்தில் ஒரு ஞாயிறு பெண்களுக்கு. "வெயிலும் அட்டையும் ரெண்டு வாட்டி கடிச்சா பவுடர் பூசிக்கிட்டு வீட்டோட இருந்துருவாளுங்க, பாரு" என்று அண்ணனிடம் அவர் சொன்னது என் காதிலும் விழுந்தது. நான் அதை அண்ணியிடம் அப்படியே சொன்னேன். நான் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

பயிற்சி பத்து பெரண்டாம் திடலில் நடந்தது. ஷிப்டு முடிந்து, தொழிற்சாலைச் சீருடையோடு பெண்கள் வருவார்கள். தவளைக்குப் பதிலாகக் கயிற்று நுனியில் ஓர் இரும்பு நட்டைக் கட்டி, பழைய லோரி டயருக்குள் விழும்படி எறிய வேண்டும். முடிச்சுப் போடுவது என் வேலை. பக்கத்து விமான நிலையத்துக்கு விமானம் தாழப் பறந்து இறங்கும்போது பேச்சு கேட்காது, சிரிப்பு மட்டும் தெரியும். வேலியோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்த்த ஒருவன், "மேகி கிண்டுற கையில ரீலா?" என்று கேட்டான். அண்ணியோடு வேலை பார்த்த ஒரு பெண், "ஆமா லா, மேகியும் நீங்களே கிண்டிக்குங்க இனிமே" என்றாள். தலைவர் வீட்டு அக்காதான் எல்லாரையும் விட நன்றாக எறிந்தார். டயரின் நடுவில் டங்கென்று விழும். ஒவ்வொரு முறையும், "இது அவரு மண்டைக்கு" என்று மெதுவாகச் சொல்வார்.

பெண்களின் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலைத் திறந்துவிடத் தலைவர் வருவார். திறந்துவிட்டுப் போக மாட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து தானும் ஒரு தூண்டிலைப் போட்டுக்கொண்டு, யார் எறிந்தாலும் ஏதாவது சொல்வார். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, அவருடைய தூண்டிலில்தான் அது மாட்டியது. அந்தக் குளத்தில் நான் பார்த்த தோமான்களில் அதுதான் பெரியது. கோல் வில்லாக வளைந்தது. அவர் நன்றாகத்தான் ஆடினார், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கரைக்குப் பக்கத்தில் வந்த மீன் பாசிக் கொடிகளுக்குள் புகுந்து சுற்றிக்கொண்டது. யாராவது தண்ணீரில் இறங்கித் தூக்கினால்தான் உண்டு. அவருக்கு இடையில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. என்னைப் பார்த்தார். நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவியைப் பார்த்து, "ஏய், எறங்கு. சீக்கிரம்" என்றார்.

அக்கா இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கொடிகளை விலக்கி, மீனின் தாடையை இடுக்கியால் கவ்வி, மறு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். சேற்றில் வழுக்கி வழுக்கிக் கரை ஏறினார். அண்ணி கைப்பேசியோடு தயாராக நின்றார்.

"அக்கா, நெஞ்சுக்கு நேரா பிடிங்க. சிரிங்க."

அக்கா சிரித்தார். படம் எடுத்தாகிவிட்டது. தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து கையை நீட்டினார். "இங்க கொண்டா."

"எதுக்கு தலைவரே?" என்றார் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "கரை ஏத்துன கைக்குத்தான மீனு? நீங்க போட்ட ரூல்தான் லா."

அவர் மனைவியைப் பார்த்தார். அக்கா மீனைப் பார்த்தார். அதன் செவுள் மூடி மூடித் திறந்தது. தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கி, மீனைத் தண்ணீரில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை எடுத்தார். வால் ஒரு முறை புரண்டது, மீன் ஆழத்துக்குப் போய்விட்டது.

"என் மீனு" என்றார் அக்கா. "எனக்கு அறுக்க மனசில்ல."

அன்று சாயங்காலம் அந்தப் படம் ஆண்களின் குழுவுக்குப் போனது. அக்காவின் பெயரோடு. முதலில் வாழ்த்துச் சொன்னது எங்கள் அண்ணன். அதற்காக அவருக்கு அண்ணி சலுகை ஒன்றும் கொடுத்துவிடவில்லை. இன்றைக்கும் அண்ணன் பிடிப்பதை அண்ணன்தான் அறுக்கிறார். இப்போது பித்தப்பையைக் கிழிப்பதில்லை.

அதற்குப் பிறகு தலைவர் குளத்துப் பக்கம் வரவில்லை, சாவியை என் கையில் அண்ணிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு என்பது எல்லா ஞாயிறும் ஆனது, ஆண்கள் வேறு குளம் தேடிக்கொண்டார்கள். புக்கிட் ரம்பாயிலிருந்தும் மலாக்கா பட்டணத்திலிருந்தும் பெண்கள் வருகிறார்கள். அம்மாவும் மகளுமாக, மாமியாரும் மருமகளுமாக. சென்ற வருஷம் ஒரு மகளிர் கூட்டத்தில் அண்ணியைப் பேச அழைத்திருந்தார்கள், பெண்களுக்கு இந்த ஆர்வம் எப்படி வந்தது என்று. மனத்துக்கு அமைதி கிடைக்கிறது என்று அண்ணி மேடையில் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது வேனில் சொன்னார். "பொய் சொல்லிட்டேன் தம்பி. ஒவ்வொரு வாட்டி வீசுறப்பவும் அந்தாளு என் வெரலப் பிரிச்சதுதான் ஞாபகம் வருது. அதான் தூரமா போவுது."

பழிவாங்கும் எண்ணம் மனிதனை அரித்துவிடும் என்று சொல்கிறார்கள். அண்ணியை அது அரிக்கவில்லை. நிமிர்த்தி வைத்திருக்கிறது. அந்தக் கோபம் மட்டும் இல்லாதிருந்தால் அந்தக் கரையில் இன்றைக்கும் ஒரு பெண் நின்றிருக்க மாட்டாள். அமைதியைத் தேடி யாரும் அட்டைக்கடி வாங்க வருவதில்லை.

போன மாதம் ஜாசின் பேருந்து நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் தலைவரைப் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை வீடு காலியாக இருக்கிறது என்றார். மனைவி விடியும் முன்பே கோலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், மகளும் கூடவே. ஒரு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன், தூண்டில்கூட வேண்டாம், பழசை மனசில் வைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அண்ணியிடம் சொன்னேன். அவர் பழைய கயிற்றை உருவிவிட்டு ரீலில் புதுக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து நுனியை வெட்டினார்.

"மன்னிக்கிற வயசு எனக்கு இன்னும் வரலன்னு சொல்லிடு தம்பி."

மறுநாள் அதே கடைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து காத்திருந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். வழக்கமாக அப்படிப்பட்ட இடத்தில் எனக்கு வாய் வராது. அன்றைக்கு வந்தது. அண்ணி சொன்னதை ஒரு சொல் குறையாமல், பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நீயாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்.

"எனக்கும் அந்த வயசு வரல தலைவரே" என்றேன்.