சர்ஃபேஸ் யாருது?

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்குப் பத்து ரூபாய் டிக்கெட்; பதினாறு கிலோமீட்டர் சொச்சம். ஞாயிறு என்பதால் ஜன்னல் இருக்கை கிடைத்தது. அங்கே மூடிக்கிடக்கும் தங்கச் சுரங்கத்தின் கழிவு மேடுகளில் இன்னும் தங்கம் இருக்கிறதாம்; அதை எடுப்பது பற்றி டெல்லியில் அமைச்சகம் யோசிக்கிறதாம். மாடிக் கட்டடத்தில் யோசிக்கிற விஷயம் தரையில் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

காலை ஒன்பதரைக்கு இறங்கி ஆட்டோ பிடித்தேன். "சயனைடு மேட்டைப் பார்க்கணும்" என்றதும் ஓட்டுநர் அந்தோணி என் தொப்பியையும் கேமராவையும் ஏற இறங்கப் பார்த்தார். அறுபது ரூபாய் என்றார். வழி முழுக்க 'சார், சார்' என்று தாங்கினார். எனக்கு இந்த மரியாதை பழக்கமில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண் சாம்பல் நிறத்தில் குன்றாகக் கிடந்தது. காற்றடித்தால் பொடி பறந்து கண் கரிக்கிறது. அடிவாரத்தில் பழைய தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கின்றன, 'லைன்' என்கிறார்கள். கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், ஒரு வீட்டிலிருந்து நடுத்தர வயதுப் பெண் ஒருவர் ஓடிவந்தார்.

"சார், அந்தச் சுவர் புதுசு இல்ல சார்! எங்க மாமனார் ஷிப்ட்டு போன காலத்துலயே கீது!"

சுவரில் சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உங்க சுவரை நான் என்னம்மா செய்யப்போறேன்?"

"டெல்லிலருந்து மினிஸ்ட்ரி சார் வந்துகீறாருன்னு அந்தோணி போன் போட்டாரே!"

அந்தோணி அவசரமாக ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நான் வேலூர்க்காரன், ஊர் சுற்றி எழுதுகிறவன் என்றேன். அந்தப் பெண்ணின் முகம் தெளியும் என்று நினைத்தால், வாடிவிட்டது. பயந்தாலும், அங்கிருந்து யாராவது வந்தால் வீட்டைப் பற்றிக் கேட்டுவிடலாம் என்று காத்திருந்திருக்கிறார்.

பெயர் ஸ்டெல்லா. விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய்த் துணிக் கம்பெனியில் தைக்கிறார். மாமனாருக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த வீடு இது. கம்பெனி மூடியாயிற்று, வீடு இன்னும் இவர் பெயருக்கு வரவில்லை. மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று ஓர் அறையை அனுமதி இல்லாமல் ஒட்டிக் கட்டுகிறார். மேட்டைத் தோண்ட வந்தால் லைனையும் காலிசெய்யச் சொல்வார்களோ என்பதுதான் பயம்.

டீ கொடுத்துவிட்டுக் கேட்டார்: "கேஜ்ல, அதான் சொரங்க லிப்ட்டுல, எறங்கி செஞ்ச வேலை அண்டர்கிரவுண்டு. மேல செஞ்சது சர்ஃபேஸ். அண்டர்கிரவுண்டு கவர்மெண்ட்டுது, ஒத்துக்கறேன். சர்ஃபேஸ் யாருது சார்? என் அடுப்பு கீற எடம்?"

தெரியவில்லை என்றேன். கனிமம் நாட்டுக்கு வேண்டும், அதைக் கவனிக்க அமைச்சகமும் வேண்டும். டெல்லியை வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. ஸ்டெல்லாவுக்கும் இல்லை.

"மேட்டை எடுக்கட்டும் சார், நல்லதுதான். தூசி தாங்கல. எங்கள எடுக்காம இருந்தா போதும்."

கிளம்பும்போது ஆட்டோ வரை வந்தார். "மெய்யாலுமே மினிஸ்ட்ரி சார் வந்தா, சுவர் பழசுன்னு நீங்க சாட்சி சொல்லணும், இன்னா?"

சொல்கிறேன் என்றேன். ரயில் நகர்ந்தபோது என் வீடு நினைவுக்கு வந்தது. வேலூரில் என் வீட்டுக்கு அடியில் தங்கம் கிடையாது, தண்ணீரே கிடையாது என்று எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றுதான் அதற்காகச் சந்தோஷப்பட்டேன்.

அமைச்சகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு திருத்தம். சிமெண்டு ஈரமாக இருந்தது என்று மேலே எழுதிவிட்டேன். அது மழையின் ஈரமாக இருக்கும். அந்தச் சுவர் பழசு.