யார் போட்ட கொக்கோ?

ஜிப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் தையற்கடை முதலாளி. துணி மாற்றித் தைத்துத் தரும் அந்தச் சின்னக் கடையில் கை நீளம் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது எல்லாம் மற்றவர்கள் வேலை. பல் உடைந்த ஜிப், பாதியில் சிக்கிக்கொண்ட ஜிப், கையோடு கழன்று வந்த ஜிப் என்றால் அது அவள் மேசைக்குத்தான் வரும். பனி கொட்டும் அந்த ஊரில் குளிர்காலம் பிறந்துவிட்டால் கோட்டுகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் கோளாறு வந்துவிடும். வருகிறவர்கள் எல்லோரும் "இன்னிக்கே வேணும்" என்பார்கள், ஏதோ இவள்தான் குளிரைக் கொண்டுவந்து அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனவள் மாதிரி.

மாலையில் வீடு திரும்பும்போது கால்விரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றனவா என்றே தெரியாது. கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே அடுப்படிக்குப் போவாள், கொக்கோ போட.

அதில் அவள் கறார். இனிப்புக் கலந்து டப்பாவில் வருவது ஆகாது. "அது சர்க்கரைக்குச் சாயம் பூசினது" என்பாள். கசக்கிற கொக்கோத் தூள்தான் வேண்டும். அதோடு சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, துளி வெந்நீர் விட்டு, கரண்டியின் முதுகால் தேய் தேய் என்று தேய்த்து மினுமினுக்கிற பசையாக்குவாள். அப்புறம்தான் பால், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. ஓரத்தில் குமிழி கட்டும்போதே இறக்கிவிடுவாள். கல்யாணமான புதிதில் கொதிக்கிற பாலில் தூளைக் கொட்டிவிட்டு, கட்டி கட்டியாக மென்று குடித்தவள்தான் அவளும். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கை பழகியது.

அவள் கணவர் பஸ் டிரைவர். விடியுமுன் வண்டி எடுக்கப் போய், மதியத்துக்குப் பிறகு வேலை முடிந்து வருகிறவர். மாலையில் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவள் நீட்டும் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்வார். ஒருநாள் "தண்ணியா இருக்கே." மறுநாள் "இன்னிக்கு ரொம்பக் கெட்டி." அதற்கு மறுநாள் "இனிப்பு தூக்கல்." அவள் எதையும் மாற்றியிருக்க மாட்டாள், குறைதான் நாளுக்கொன்றாக மாறும். டம்ளர் மட்டும் கழுவி வைத்தது போலக் காலியாகத் திரும்பும். குளிர்காலத்துக்குக் குளிர்காலம் இதே பாட்டுதான். அவளும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவருடைய அக்காவுக்கு முட்டியில் ஆபரேஷன் நடந்தது. அக்கா தனியாக இருப்பவர். வீடு தையற்கடை இருக்கிற தெருவிலேயே. அடுப்படியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஜிப்பக்கா காலையில் சாப்பாட்டோடு ஒரு பிளாஸ்க் நிறையக் கொக்கோவும் போட்டு, கடைக்குப் போகிற வழியில் நாத்தனார் வீட்டில் வைத்துவிட்டுப் போவாள். கணவரிடமும் சொன்னாள். அவர் டிவியைப் பார்த்தபடி "ம்ம்" என்றார்.

வேலை முடிந்ததும் அவர் அக்காவைப் பார்க்கப் போவது வழக்கமானது. ஒருநாள் மாலை, அவள் கொடுத்த டம்ளரை வாங்கி உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"என்னதான் இருந்தாலும் எங்க அக்கா போடற கொக்கோ மாதிரி வராது. என்ன ஒரு பக்குவம்! நீயும் ஒருநாள் போய்க் கேட்டுக் கத்துக்கோயேன்."

ஜிப்பக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "அண்ணியா போடறாங்க?"

"தெனமும்தான். போன உடனே கொக்கோ குடிடான்னு சொல்லும்."

அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த அம்மா எழுந்து நின்று கொக்கோ போடுகிறாள் என்றால், நான் விடியுமுன் எழுந்து போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறது எங்கே போகிறது? தொட்டியிலா?

மறுநாள் பிளாஸ்க்கை வைத்துவிட்டு அவள் கிளம்பவில்லை. கட்டில் பக்கத்தில் குத்துக்கல்லாக நின்றாள்.

"அண்ணி, நீங்க அடுப்புக்கிட்ட போறீங்களா?"

"ஐயோ, நானா? பாத்ரூம் போறதுக்கே உசிரு போகுது."

"அப்ப உங்க தம்பி தெனமும் குடிக்கிற கொக்கோ யார் போட்டது?"

நாத்தனார் போர்வையின் ஓரத்தைத் திருகினார். "நீ கொண்டாறதுதான். எனக்கு ஒரு கப் போக மிச்சம் இருக்கும்ல. அவனே பிளாஸ்க்லேர்ந்து ஊத்திக்குவான்."

"இந்த பிளாஸ்க்லேர்ந்தா?"

அது அவர் பஸ்ஸில் வருஷக்கணக்காகக் கொண்டுபோன பிளாஸ்க். மூடி நசுங்கியது அவர் கைதவறிப் போட்டதில்தான்.

"மொத நாளே சொல்லணும்னுதான் வாயெடுத்தேன்," என்றார் நாத்தனார். "அதுக்குள்ள 'அக்கா, உன் கைப்பக்குவமே தனி'ன்னுட்டான். ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்ததுலேர்ந்து எல்லாரும் 'ஐயோ பாவம்'னுதான் சொல்றாங்க. நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னானா, விட மனசு வரல கண்ணு."

"அது எனக்கு வர வேண்டியது, அண்ணி. ஒரு குளிர்காலம்கூட என் காதுல விழாதது. அதைப் போய் எடுத்துப் போர்வைக்குள்ள வெச்சுக்கிட்டீங்களே!"

நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் நின்றால் இரண்டு பேரும் அழ வேண்டியிருக்கும் என்று விறுவிறுவென்று கடைக்குப் போய்விட்டாள். அன்று அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததைப் பார்த்து, இன்றைக்கே வேண்டும் என்று வந்தவர்கள்கூட நாளைக்கு வருகிறோம் என்று நழுவினார்கள்.

தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. பாராட்டைப் பறிகொடுத்ததைவிட அது பெரிதாக எரிந்தது.

மாலையில் வீட்டுக்கு வந்தவள் முதன்முறையாகக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. கணவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கொக்கோ இல்லையா?" என்றார் அவர்.

"நீங்க உங்க அக்கா வீட்டுல குடிச்சதே நான் போட்டதுதான். காலையில போட்டு பிளாஸ்க்ல கொண்டுபோய் வைக்கிறேன். உங்க பிளாஸ்க்ல."

அவர் கொஞ்சம் விழித்துவிட்டுச் சிரித்தார். "அட! ஆனா சொல்றேன், அங்க ருசி வேற மாதிரிதான் இருந்துச்சு."

"ருசியை விடுங்க. வேற ஒண்ணு கேக்கறேன். உங்க அக்காவை நிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க?"

"ஆமா."

"அந்த முட்டியோட எந்திரிச்சுப் போய் உங்களுக்காக அடுப்படியில நின்னாங்கன்னு நெனச்சுக்கிட்டே தெனமும் ரசிச்சு ரசிச்சுக் குடிச்சிருக்கீங்க. 'ஏன்க்கா நிக்கிற, உக்காரு, நான் போடறேன்'னு ஒரு வார்த்தை வரலையே! ஒரு பொம்பளை எந்தக் காலோட நின்னா என்ன, டம்ளர் கைக்கு வந்தா போதும், அப்படித்தான?"

அவர் சிரிப்பு நின்றது. ஹீட்டரைப் பார்த்தார், அது வந்து பதில் சொல்லும் என்பதுபோல.

"நாளையிலேர்ந்து அண்ணிக்குக் கொக்கோ நீங்க போடுங்க. அவங்க வீட்டுக்கே போய், அவங்க அடுப்புல."

அவர் போட்டார். முதல் நாள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அடுத்த நாள் கொக்கோ கோலி கோலியாக மிதந்தது. நாத்தனார் போனில் கூப்பிட்டு, "இவன்கிட்டேர்ந்து என்னைக் காப்பாத்து, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கெஞ்சினார். "நல்லா மென்னு குடிங்க அண்ணி" என்றாள் ஜிப்பக்கா. சாப்பாட்டை மட்டும் வழக்கம்போல வைத்துவிட்டுப் போனாள்.

வீட்டில் அவள் ஒரு டம்ளர்தான் போட்டாள், தனக்கு மட்டும். நாற்காலியை ஹீட்டர் பக்கம் இழுத்துப் போட்டு, சூட்டை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, மேலே படியும் ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு நிதானமாகக் குடித்தாள். அவர் எதிரே உட்கார்ந்து பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பனி கொட்டிய ஒரு மாலை, பேப்பரை மடித்து வைத்தார். "பசை பண்றப்ப வெந்நீர் எவ்வளவு விடணும்?" என்றார். "எனக்குக் கட்டி கட்டியாவே வருது. அக்கா திட்டுது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் அப்படியேதான் இருந்தது. அது இந்தக் குளிர்காலத்தில் தீருகிற கோபமும் இல்லை. ஆனாலும் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"வந்து நில்லுங்க," என்றாள். "உக்காந்த எடத்துலேர்ந்து கத்துக்கற வேலை இல்ல இது."

அவர் வந்து நின்றார். அவள் கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வெந்நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள்.