இடமிருந்து மூன்றாவது பெண்

பச்சைத் தேயிலை விலை பாதாளத்துக்குப் போயிருந்த வருஷம் அது. எஸ்டேட்டுகளில் வேலை நாட்கள் குறைந்து, குன்னூர் கடைத்தெருவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. வாசுகி மட்டும் சிரித்துக்கொண்டே திரிந்தாள். கல்லூரியில் விஸ்காம் என்கிற காட்சித் தொடர்பியல் துறையின் தற்காலிக ஆசிரியை. முதன்முதலாக அவளை விடைத்தாள் திருத்தக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல பதில் வந்தால் பக்கத்து மேஜையிலிருக்கும் என் தோளை உலுக்கி வாசித்துக் காட்டுவாள். நான் திருத்த வேண்டிய கட்டு நகரவே நகராது.

அன்று காலை அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். வினாத்தாளில் ஒரு தேயிலை விளம்பரத்தை அச்சடித்து, அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்று கேட்டிருந்தார்கள். பட்டுப்புடவையில் ஒரு மாடல் கொழுந்து கிள்ளுகிறாள். பின்னால் மங்கலாகப் பெண்கள் வரிசை. எல்லோரும் மாடலின் புன்னகையையே எழுதித் தள்ளியிருக்க, ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தது: "இவர் கிள்ளுவது முற்றிய இலை. ஃபேக்டரியில் வாங்க மாட்டார்கள். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் அம்மா. போட்டோ எடுத்த அன்று வேலை இருந்தது. இப்போது இல்லை."

வாசுகி பதினைந்துக்குப் பதினைந்து போட்டாள். முதன்மைத் தேர்வாளர் பவுல்ராஜ் சரிபார்க்க எடுத்தது அதே தாளை.

"ஏனுங்க மேடம், தான் யாருன்னு காட்டிக்கிட்டா தாளே செல்லாதுன்னு தெரியாதுங்களா?" என்று பேனாவைத் திறந்தார்.

விதி அதுதான். 'செல்லாது' என்று அவர் எழுதிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ஒரு வருஷம் போச்சு.

வாசுகி வினாத்தாளைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக ஓடினாள். "இந்த மூணாவது அம்மா யாருங்க? சொல்லுங்க பார்க்கலாம்!" ஹாஜா சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது ஆளுங்களா, செடிங்களா?" என்றார். அறையே சிரித்தது. கடைசியில் பவுல்ராஜிடம் நீட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் அவர் அதை இப்படியும் அப்படியும் பிடித்தார்.

"மூஞ்சியே தெரியலைங்களே."

"அப்புறம் யாரு பெத்த புள்ளைன்னு எப்படிங்க சார் கண்டுபிடிப்பீங்க?"

அவரும் சிரித்துவிட்டார். பிறகு வினாவை ஒருமுறை வாசித்தார்: எதை மறைக்கிறது. சிரிப்பு நின்றது. படத்தை மறுபடி பார்த்தார். பதினைந்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வாசுகி என் தோளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.