பச்சை அட்டை

எட்டாவது படித்தவன் எழுத வந்ததை மன்னியுங்கள். வளைகுடாவில், முசஃபா என்ற தொழிற்பேட்டையில் சாரம் கட்டுவது என் வேலை. கம்பெனியின் சேஃப்டி ஆபீசர் மேலே ஏறிப் பார்த்துப் பச்சை அட்டை மாட்டினால்தான் வெல்டர்கள் ஏறலாம். அன்று அவர் கீழே நின்றபடியே மாட்டினார்.

"சார், கிளாம்ப் பத்தல. மேல ரெண்டு இடத்துல பைப் சும்மா நிக்குது."

"கவர்மென்ட் இன்ஸ்பெக்டர் வந்தா பாத்துக்கலாம். யல்லா, சீக்கிரம் ஆளை ஏத்து."

எத்தனையோ முறை தலையாட்டியிருக்கிறேன். அன்று வெல்டர் செல்வம் ஏணியில் கால் வைத்ததும், அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இறங்கு செல்வம்."

"அண்ணே, உங்களை ஊருக்கு அனுப்பிருவாங்க."

"அனுப்பட்டும். பெட்டியில இல்லாம, நடந்து போய்த்தானே பிளேன் ஏறுவேன்."

இன்ஸ்பெக்டர் என்றோ வருவார். சாரம் கட்டியவன் தினமும் அங்கேதான் நிற்கிறான்.

மறுநாள் கிளாம்ப் வந்தது. என்னை ஸ்டோருக்கு மாற்றினார்கள்.