ஐந்து மணிக்கு எட்டு வீட்டுத் தட்டுகள்

அங்கன்வாடியை விட்டு வெளியே வந்து, தங்கை மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜோகுபாளையத்துச் சந்துகளில் வேகமாக நடந்தேன். இரண்டு வயதுக் குழந்தை. தோளில் கனமே தெரியவில்லை. அதுதான் சிக்கல். எடை பார்த்த டீச்சர் சிடுசிடுத்திருந்தார்.

“முட்டை குடுக்கறோம், மாவு குடுக்கறோம். எல்லாம் எங்க போகுது? அடுத்த மாசமும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேக்கணும். ரெண்டு வாரம் அம்மாவும் கூட இருக்கணும்.”

தங்கை தனியாகப் பிள்ளை வளர்ப்பவள். மூன்று வீடுகளில் வேலை செய்கிறாள். இரண்டு வாரம் போகாவிட்டால் மூன்றிலும் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். நானோ அத்திபெலே குடோன் வேலையை விட்டுவிட்டு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்; அதன் பிறகு எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. வேறு வேலை இல்லாததால், முட்டை எங்கே போகிறது என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.

கண்ணெதிரேதான் போனது. தங்கை குடியிருப்பது எட்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டியிருக்கும் லைன். பகலில் எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். தங்கை முட்டையை உரித்ததும் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். அவள் நூலால் அதை ஆறாக அறுத்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பாள். சாக்கடை ஓரம் விளையாடிய கையோடு வாங்கித் தின்பார்கள். ஒருவன் பாசமாகத் தன் துண்டைக் கிள்ளி எங்கள் சின்னவள் வாயிலும் வைப்பான். மறுநாள் அவளுக்கு வயிற்றுப்போக்கு.

“கதவைச் சாத்திட்டு ஊட்டேன்” என்றேன்.

“நான் காய்ச்சல்ல கெடந்தப்ப இவளுக்குச் சோறு ஊட்டுனது பக்கத்து வீட்டு அக்கா. நீ எந்த ஊர்ல சுத்திட்டிருந்தே? சாப்பாட்டு நேரத்துல கதவு சாத்துனவங்க இந்த லைன்லயே இல்லண்ணா.”

அந்த அக்காவிடமே போனேன். மூன்று பையன்களின் அம்மா. எடை, ஆஸ்பத்திரி, தங்கையின் வேலை எல்லாவற்றையும் சொன்னேன்.

“அது பாப்பாவுக்குன்னு குடுத்த முட்டையா? அவ ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி!”

பிள்ளைக்கு எடை குறைவு என்று சொல்லத் தங்கைக்கு வெட்கம். அக்காவுக்கு அப்படியெல்லாம் எதுவும் கிடையாது. லைனுக்கே கேட்கும்படி கத்தினார்.

“நாளையிலேருந்து அஞ்சு மணிக்கு எல்லா வீட்டுத் தட்டும் வெளிய வரணும். அவங்கவங்க தட்டுல அவங்கவங்க சோறு. அடுத்த தட்டுல கை வெச்சா முதுகு பிஞ்சிடும்!” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சும்மாதான இருக்கே? கை கழுவறத நீ பாத்துக்க.”

பழைய சாக்ஸுக்குள் சோப்பைப் போட்டுப் பொதுக்குழாயில் கட்டினேன். கழுவிய கையை எனக்குக் காட்டாமல் யாரும் தட்டருகே உட்கார முடியாது.

“டேய், இன்ஸ்பெக்டர் இருக்காரு, நகத்தக் காட்டு!” என்று பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள். வேலை முடிந்து வந்த ஆண்கள், “என்னா மச்சான், சோப்புக் கம்பெனியா?” என்றார்கள். நான் குழாயடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தட்டுகள் வெளியே வந்ததும் இன்னொன்றும் தெரிந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குத் தினமும் வெறும் ரசம் சோறுதான். யாரும் அதைப் பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாளிலிருந்து வீட்டுக்கு ஒரு நாள் என்று பச்சைப்பயறு வேகவைத்து, எல்லாத் தட்டிலும் கரண்டியால் போட்டார்கள். சின்னவள் தன் முட்டையை முழுதாகத் தின்றாள். முதலில் பாதியைத் துப்பினாள். பிறகு தட்டைத் தானே இழுத்துக்கொண்டாள். வயிற்றுப்போக்கு நின்றது.

அடுத்த மாதம் தங்கையும் அங்கன்வாடிக்குக் கூட வந்தாள். டீச்சர் இரண்டு தடவை எடை பார்த்தார். “ஏறிடுச்சு. ஆஸ்பத்திரி வேண்டாம். என்னம்மா செஞ்சே?”

“லைனே சேந்து வளக்குது டீச்சர். எங்கண்ணன்கூட ஒரு மாசமா ஒரே இடத்துல உக்காந்திருக்கான்னா பாத்துக்குங்க!”

எத்தனையோ ஊரில் எத்தனையோ மூட்டை தூக்கியிருக்கிறேன். அன்று திரும்பும் வழியில் தோளில் தெரிந்த கனம்போல் எதுவும் எனக்குப் பெருமையாக இருந்ததில்லை.

அன்று சாயங்காலம் அக்கா குழாயடிக்கு வந்தார். “நான் சமைக்கிற ஹாஸ்டல்ல ஆள் தேடறாங்க. காய் அலசணும், பாத்திரம் கழுவணும். உன்னைச் சொல்லிட்டேன். என் பேரைக் கெடுத்துடாத.”

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்தச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் என் கையைக் கழுவிவிட்டுக் கொத்தமல்லிக் கட்டுகளைப் பிரித்தேன்.